தராசு அண்ணனின் முப்பது மரங்கள்

மரங்களுக்கு இடுப்பளவு எடுப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை உதறிய ஒரே லோரி டிரைவர், இந்த உலகத்திலேயே எங்கள் பந்திங் ஊர்த் தராசு அண்ணன்தான். எதையும் அளந்து பார்க்காமல் விடாத அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவி பார்வதி அக்காவுக்கே மறந்திருக்கும்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த நிலத்தில் மூன்று ரகச் சவுண்டல் மரங்களை வரிசைக்குப் பத்தாக நட்டிருந்தார். ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, மண்ணுக்கு உரம் எல்லாம் தரும் மரம். எந்த ரகம் அதிகம் தரும்? அதைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. வரிசைக்கொரு நிறமாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் ரிப்பன் கட்டி, வாராவாரம் உயரமும் சுற்றளவும் நோட்டில் குறிப்பார்.

"இவருக்கு என் பிறந்தநாள் தெரியாது தம்பி. ஏழாவது மரத்தோட இடுப்பளவக் கேளு, தூக்கத்துல சொல்லுவாரு," என்பார் அக்கா.

சிவப்பு ரிப்பன் மரங்கள் கூரையைத் தாண்டின. "சிவப்புதான் லா ராஜா!" என்று வட்டாரத்து ஆட்டுக்காரர்களிடம் சத்தியம் செய்தார். அவர்களும் நம்பி, அந்த ரகத்தை நடக் குழி வெட்டிக் காத்திருந்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து அறுவடை. மீன் கடைத் தராசு இரவல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான் தழை உருவினேன். ஆட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று பந்தாட்டம் பார்ப்பதுபோல் கத்தினார்கள். மஞ்சள் முடிந்தது. சிவப்பு முடிந்தது. நீலத்தைத் தராசில் ஏற்றும் நேரம் பார்த்து வானம் இருண்டது.

"நனைஞ்சா மழையும் சேர்ந்து எடை காட்டும் தம்பி! மூடு, மூடு!" என்று அலறி, அண்ணன் தழைக்குவியல் மேல் குப்புறப் படுத்துவிட்டார். அக்கா லோரியின் தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடி வந்து, குவியலையும் புருஷனையும் சேர்த்தே மூடினார்.

மழை விட்டதும் எடை போட்டோம். விறகில் சிவப்பு முந்தியது. தழையிலோ, குட்டையாக நின்ற நீலம் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வேலியோரம் நின்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். ஆடு விறகு தின்னாதே!

அண்ணன் மறுபடி எடை போட்டார். அதேதான். சத்தியம் செய்த மனுஷர், நோட்டை மூடி மழுப்புவார் என்று நினைத்தேன்.

"நான் சொன்னது தப்பு லா! சுத்தத் தப்பு! நீலத்த நட்டு வைங்க!" என்று சேற்றில் துள்ளிக் குதித்தார். நம்பர் குலுக்கலில் பரிசு அடித்தவன்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லோருக்கும் நீல ரகக் கன்று கொடுத்தார். நான் பூச்சோங்குக்குக் குடிபோன அன்று எனக்கும் ஒன்று நீட்டினார்.

"ஃபிளாட்ல ஆடு ஏது அண்ணே?"

"வச்சுக்க தம்பி."

பத்தாவது மாடி பால்கனியில், அந்தக் கன்று இப்போது தொட்டிக்குள் அடங்காமல் நிற்கிறது. பலத்த காற்றடித்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.