பொறிக்காரரும் ஊதா வால்களும்

கோவை ஜில்லாவில் எலி பிடித்தவர்கள் பலர் இருக்கலாம். எலிக்கு மரியாதை கொடுத்துப் பேசிக்கொண்டே பிடித்தவர் பொறிக்காரர் ஒருவர்தான். சில மனிதர்களை அவர் 'அவன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எலியை ஒருநாளும் சொன்னதில்லை. எலி எப்போதும் 'அவிய'. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டாரைக் குறிப்பிடும்போது அப்படிச் சொல்வோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிங்காநல்லூரில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். சமையலறைக்கு மேலே பலகை போட்ட அட்டாலி. அதில் ஒரு பித்தளை அண்டா, என் மனைவி சரோஜாவின் பட்டுப்புடவைகள் இருந்த மரப்பெட்டி, நான்கு அட்டைப்பெட்டிகளில் என் பதினெட்டு வருட நாட்குறிப்புகள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியவை. நான் சேர்த்த சொத்து என்று சொன்னால் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ரசத்தில் ஒரு காகிதத் துண்டு மிதந்தது. என் கையெழுத்து. 'மழை இல்லை' என்று இருந்தது.

மூன்று வாரம் நானே முயன்றேன். விஷக் கட்டி வைத்தேன். எலிகள் அதைத் தள்ளிவைத்துவிட்டு அட்டைப்பெட்டியைத் தின்றன. பசை தடவிய அட்டை வைத்தேன். அதில் என் வேட்டிதான் ஒட்டியது. பக்கத்து வீட்டுப் பூனையை வாங்கி வந்தேன். நான்காம் நாள் அதற்கும் எலிகளுக்கும் ஏதோ உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குறித்து வைத்தேன். குறித்து வைத்ததையும் தின்றுவிட்டன. அலுத்துப்போய்ப் பொறிக்காரரைக் கூப்பிட்டேன்.

பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் நூற்பு மெஷினில் நின்றவர். ஆலை மூடிய பிறகு மரப்பொறி செய்து வீடு வீடாகப் போனார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சரியாகப் பத்தே முக்காலுக்கு வருவார். முதல் நாள் பொறியே கொண்டுவரவில்லை. ஏணி போட்டு ஏறி, அட்டாலியில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இறங்கிக் கை கழுவிக்கொண்டு சரோஜாவிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நேத்து ஊட்டுல என்ன பண்ணுனீங்க?"

"அரிசிம்பருப்புச் சோறுங்க."

"முந்தாநேத்து?"

"கொள்ளுப்பருப்பு. எதுக்குங்க?"

"அவிய உங்க கைப்பக்குவத்துக்குப் பழகிட்டாங்க. தேங்காய்ச் சில்லு, கருவாடெல்லாம் இனித் தொட மாட்டாங்க. நீங்க பண்றதத்தான் பொறியில வெக்கோணும்."

வைப்பதற்கு முன் அவர் ருசி பார்த்தாக வேண்டும். இலை போட்டு, உட்கார்ந்து, ரசம் வரைக்கும் ருசி பார்த்தார். முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உப்பு சித்தெ பத்தலீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அவியளுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் உப்பு சரியாக இருந்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக நான் சொல்லத் துணியாத உப்பு.

நாட்குறிப்புப் பெட்டிகளைக் கீழே இறக்கிவிடலாம் என்றேன்.

"எறக்குனீங்கன்னா அவிய அடுத்தாப்பல பொடவைப் பொட்டிக்குப் போயிருவாங்க, சாருங்க."

"டைரிப் பொட்டி அங்கயே இருக்கட்டும்" என்றாள் சரோஜா. அந்த வீட்டில் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

தினம் ஒன்றிரண்டு விழுந்தன. பொறிமேல் துண்டைப் போர்த்தி, "குளத்துக்கு அக்கட்டால உட்டுட்டு வாரனுங்க" என்று குளத்தின் அந்தப் பக்கத்துக்கு எடுத்துப் போவார். விட்டவையே திரும்பி வருகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம். அலுவலகத்திலிருந்து முத்திரை மை கொண்டுவந்து, வாலில் தடவி அனுப்பலாம் என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஊட்டுக்கு வந்தவியளுக்கு சீல் குத்துவீங்களா?"

ஆனாலும் பொறிக்கு வெளியே நீண்ட வாலைப் பிடித்துக் கொடுத்தார். நான் பஞ்சால் தடவினேன். பதினோரு ஊதா வால்கள். ஒன்றும் திரும்பவில்லை. குறித்து வைத்தேன்.

பிறகு ஒரு நாள் வெறுங்கையோடு இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்தி, "சாருங்க, மேல பிரசவமாயிருக்குது" என்றார். தாயும் ஆறு குஞ்சுகளும். தாய் ஒரு நாட்குறிப்பைக் கிழித்துக் கூடு கட்டியிருக்கிறது. எந்த வருடம் என்று கேட்டேன். மறுபடி ஏறி, அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். எங்களுக்குக் கல்யாணமான வருடம்.

அதுவரை நாட்குறிப்புகளைப் பழைய பேப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்த சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அதுல என்னயப் பத்தி என்ன எழுதியிருந்தீங்க?"

முகூர்த்தம் ஆறு நிமிடம் தாமதம் என்று எழுதியது மட்டும் எனக்கு நினைவிருந்தது.

"ஏனுங்க, அந்த ஒண்ண மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்று அவரிடம் கேட்டாள்.

"பச்ச ஒடம்புங்க அம்மிணி. பதினஞ்சு நாளைக்கு அசைக்கப்படாது. நீங்க பிரசவத்துக்குப் போயி தாய் ஊட்டுல எத்தன மாசம் இருந்தீங்க?"

"அஞ்சு மாசம்."

"அவிய பதினஞ்சு நாள்தானுங்க கேக்கறாங்க."

அந்தப் பதினைந்து நாளும் ஒரு கரண்டி அரிசிம்பருப்பு நெய் விட்டு மேலே போனது. எனக்கு நெய் விட்டதாக அந்த நாட்களில் குறிப்பு இல்லை.

பதினாறாம் நாள் கூட்டைக் கலைக்காமல் ஒரு பெட்டியில் ஏந்தி, தாயும் குஞ்சுமாகக் கொண்டுபோனார். காகிதத்தைப் பிறகு தருவதாகச் சொன்னார். பத்து நாளாகியும் வரவில்லை. சரோஜா என்னை அனுப்பினாள்.

குளத்துக்கு மறுகரையில், மூடிய ஆலையின் லைன் வீடுகளில் கடைசி வீடு. அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். தலைக்கு மேலே ஏதோ ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். உத்தரத்தின் மேல் ஒரு ஊதா வால் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"குளத்துக்கு அக்கட்டால உட்டேன்னீங்க?"

"இது அக்கட்டாலதானுங்களே."

"இத்தனையும் வெச்சுட்டு என்ன பண்றீங்க?"

அவர் துண்டை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் மெஷின் சத்தத்துலயே இருந்துட்டனுங்க. மில்ல மூடிப்போட்டாங்க. அப்பறம் ஊட்டுக்காரியும் போயிட்டா. மேல யாராச்சும் ஓடிட்டிருந்தாத்தானுங்க கண்ணு அசருது."

நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது ஒரு துணிப்பை தந்தார். "பிள்ளைக பெரிசாயிட்டாங்க. ஒரு துண்டு உடாமப் பொறுக்கியிருக்கறனுங்க."

சரோஜா மூன்று மதியம் தரையில் பரப்பி ஒட்டவைத்துப் பார்த்தாள். தேறியவை இரண்டு. ஒன்றில் 'சரோஜா இன்று' என்று இருந்தது. மற்றதில் 'உப்பு' என்று இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டையும் எடுத்துப் புடவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அட்டாலியில் சத்தமே இல்லை. பொறிக்காரரைத் தீபாவளிக்குச் சாப்பிட வரச் சொன்னேன். "அவிய வந்திருக்கறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் நான் எதுக்குங்க" என்றார். வேலையில்லாத வீட்டில் அவர் கை நனைப்பதில்லை.

மிச்சமிருந்த பதினேழு நாட்குறிப்புகளுக்காக ஒரு தகரப்பெட்டி வாங்கினேன். அதன் மூடியை ஒரு விரல் அளவு திறந்தே வைத்திருக்கிறேன். அட்டாலிக்கு ஏறிய சரோஜா அதைப் பார்த்தாள், மூடவில்லை. பத்தே முக்காலுக்குச் சமையலை முடிக்கும் வழக்கத்தை அவளும் இன்னும் மாற்றவில்லை.