பேபியின் தொப்பி

"மேப்பா? எனக்கா?" என்றாள் க்ளோதில். "நான் பொறந்த ஊருடி இது. மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறியா?"

துறைமுக வாசலில் மேப் நீட்டிய பெண் சிரித்துவிட்டு அடுத்த பயணியிடம் போனாள். காலையில் கப்பலிலும் இதே கூத்துதான். இறங்கப்போகும் தீவைப் பற்றி விளக்கக் கூட்டம், எல்லாரும் மேல்தளத்துக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். க்ளோதில் போகவில்லை. செயின்ட் ஒமேர் தீவைப் பற்றி அவளுக்கு எவனோ பாடம் நடத்துவதாவது! அந்த நேரத்தில் அறையில் உட்கார்ந்து ஒரு பழைய தொப்பிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொப்பிதான் விஷயமே. வெள்ளைத் தொப்பி, மஞ்சள் ரிப்பன். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு முந்தின நாள், ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொள்ள உயிர்த்தோழி பேபியிடம் இரவல் வாங்கியது. "ஒரே ஒரு பூசைக்குத்தான்டி" என்று கெஞ்சி வாங்கினாள். மறுநாள் கப்பலில் அவளோடு தொப்பியும் போய்விட்டது. பேபி ஒரே ஒரு கடிதம் போட்டாள். அதில் ஒரே ஒரு வார்த்தை: "தொப்பி?"

வெட்கத்தில் க்ளோதில் பதில் எழுதவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டே நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள். கண்ணை மூடுவதற்குள் தொப்பியைத் திருப்பிக் கொடுத்து, பேபி வாயால் "போடி, பரவாயில்ல" என்று கேட்டுவிட வேண்டும். மற்றவர்கள் கடலில் குளிக்க டிக்கெட் வாங்கினார்கள். இவள் இதற்காக வாங்கினாள்.

கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கால் மணி நேரத்தில் வழி தவறியது. 'மலை இடது பக்கம்தானே இருந்தது?' என்று நடுத்தெருவில் நின்றாள். 'அப்போ படகுல வந்து இறங்குவோம், இப்போ புதுத் துறைமுகம். அதான் பக்கம் மாறித் தெரியுது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இளநீர்க்காரரிடம் போனாள். "ஏம்பா, பள்ளிக்கூடத் தெரு எது?"

"முதல்ல வணக்கம் சொல்லுங்கம்மா."

"அட, மறந்தே போச்சு. வணக்கம்ப்பா."

"வணக்கம். நேராப் போயி, பேக்கரி இருந்த இடத்துல திரும்புங்க. ஈரப்பலா மரம் இருந்த இடத்துக்கு எதிர்த்தாப்புல."

க்ளோதில் பூரித்துப்போனாள். இருப்பதைச் சொல்லி வழிகாட்டுகிறவன் வெளியூர்க்காரன். இல்லாததைச் சொல்லி வழிகாட்டுகிறவன்தானே நம்ம ஆள்! "ஐயோ, அந்த பேக்கரி! தேங்கா ரொட்டி போடுவாங்களே! அது இப்ப இல்லியா?"

"பெரிய புயல்ல பறந்துடுச்சும்மா."

இப்போது அங்கே செல்போன் கடை. அதன் வாசலில் நின்று இரண்டு நிமிடம் மூக்கைச் சிந்தினாள். பிறகு திரும்பினாள். போய் நின்றது மீன் மார்க்கெட்டில்.

சரி, டாக்ஸி பிடிப்போம் என்று பிடித்தாள். டிரைவர் பெயர் ரெவரெண்ட். பாதிரியார் இல்லை, பட்டப்பெயர்தான்.

"நீ ஓட்டு தம்பி, வழி நான் சொல்றேன்" என்றாள்.

"இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்... இப்ப ஒரு ஓடை வரும் பாரு!"

வந்தது ஆட்டுப்பட்டி. ஓர் ஆடு ஜன்னலுக்குள் தலையை விட்டு ரிப்பனைக் கவ்வியது. பிடுங்குவதற்குள் பாதி கசங்கிவிட்டது.

"அம்மா, தயவுபண்ணி யார் வீடுன்னு சொல்லுங்க."

"பேபி வீடு."

"எந்த பேபி? இங்க மூணு பேபி இருக்கு. நெசப்பேரு என்ன?"

பேபிக்கு நிஜப்பெயர் ஒன்று இருக்கும் என்பதே க்ளோதிலுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் ஒருவருடைய நிஜப்பெயர் தெரியவேண்டுமென்றால் ரேடியோவில் சாவு அறிவிப்பு வரவேண்டும்.

"மூணையும் பாத்துடுவோம்" என்றாள்.

முதல் பேபி ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "என்னையா தேடுறீங்க?" என்று உறுமினார். இரண்டாவது பேபிக்கு முப்பது வயது. ஆனாலும் வந்தவர்களை விடுவாளா? மீன் குழம்பு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். அதில் முக்கால் மணி நேரம் போயிற்று.

மூன்றாவது பேபியின் வீடு மேட்டில் இருந்தது. மணி மூன்றரை. கண்ணில் புரை விழுந்த ஒரு கிழவி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

க்ளோதில் அவள் முன்னால் போய் நின்றாள். "வணக்கம் பேபி. நான்தான்டி. உன் தொப்பிய எடுத்துட்டுப் போனவ."

கிழவியின் கை நின்றது.

"வந்துட்டியாடி பாவி!" என்றாள். "இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்தாள். "நீல ரிப்பன்தானே?"

"மஞ்சள்டி! உனக்கு மறதி வந்துடுச்சு."

"ஆமா ஆமா, மஞ்சள்தான். எனக்கெங்க தெரியுது!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டே பழங்கதை பேசினார்கள். பிரம்பால் விளாசுவாரே அந்த வாத்தியார்? ஆமா, வழுக்கைத் தலையர்! பூசையில் தூங்கிவிழுவாரே அந்த ஃபாதர்? ஆமா, குறட்டை வேற விடுவாரே! சிரித்துச் சிரித்து க்ளோதிலுக்கு வயிறு வலித்தது. இருபது வயசுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

"என் மேல கோவமாடி?"

"போடி, பரவாயில்ல" என்றாள் பேபி. "தொப்பி பெருசா, நீ பெருசா?"

இது போதும் என்றிருந்தது க்ளோதிலுக்கு. பேபி அந்தக் கசங்கிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கார் வளைவில் மறையும்வரை கையாட்டினாள்.

ரெவரெண்ட் பறந்த பறப்பில் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கப்பலடிக்கு வந்துவிட்டார்கள். படிக்கட்டில் காலையில் நின்ற அதே காவலாளி அட்டையை வாங்கிப் பார்த்தான். பிறகு அவள் வெறுந்தலையைப் பார்த்தான்.

"நாப்பத்தி மூணு வருஷம் தம்பி!" என்றாள் க்ளோதில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணுமே மாறல, அப்படியே இருக்கு!"

"அதெல்லாம் சரிம்மா, தொப்பிய எங்க விட்டீங்க?" என்றான் அவன் கரிசனமாக. "காலைல கூட்டத்துல சொன்னாங்களே, காத்து சரியில்லன்னு இன்னைக்குப் போற தீவையும் நாளைக்குப் போற தீவையும் முன்னப்பின்ன மாத்திட்டோம்னு. நாளைக்கு செயின்ட் ஒமேர்ல வெயில் கொளுத்துமாம், தொப்பி இல்லாம எறங்காதீங்க."