தொண்ணூத்தி ஒரு இன்ச் இடுப்பு

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். புது போன்ல என் பழைய கணக்கைத் திறக்கணும்.

பழைய போன் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்கடை மோரியில விழுந்து, சிம்மோட போயிருச்சு. குனிஞ்சு எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணி. போனை விட மூக்கு முக்கியம்னு வந்துட்டேன்.

ஆனா என் தையல்கடையே அந்தக் கணக்குலதான் இருக்கு. முன்னூறு கஸ்டமர் நம்பர், அவங்க அனுப்பின டிசைன் போட்டோ, எல்லாம். வர்ற வியாழக்கிழமை ஒரு கல்யாணம். பொண்ணு வீடு பீன்யாவுல எங்கயோ. எங்கன்னு போன்லதான் இருக்கு. ப்ளவுஸ் முதுகுல மயிலா கிளியான்னும் போன்லதான் இருக்கு.

அண்ணன் பொண்ணு வேணி வந்து உட்கார்ந்தா. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவ. பாஸ்வேர்டு போட்டா. போன் அதுக்கும் மேல ஏதோ கேட்டுச்சு.

“மெசேஜ் வர்றதுக்கு சிம் இல்ல அத்தை. போன் தொலைஞ்சா உள்ள போறதுக்குன்னு பேக்கப் கோடு பத்து கொடுத்தேனே, எங்க?”

“பத்திரமா இருக்கு.”

“பத்துமா?”

“ஒண்ணு. ஒரு பூட்டுக்கு எதுக்குடி பத்து சாவி?”

வேணி கண்ணை மூடித் திறந்தா.

நான் படிச்சது நாலாவது. ஆனா இன்ச் கணக்குல என்னை யாரும் ஏமாத்த முடியாது. “யார் பார்த்தாலும் கோடுன்னு தெரியக்கூடாது அத்தை”ன்னு அவ அன்னிக்கு மூணு தடவை சொன்னா. அதான் எட்டு நம்பரையும் ரெண்டு ரெண்டா பிரிச்சு, கடை அளவு நோட்டுல எழுதி வச்சேன். நீளம் 15, மார்பு 36, இடுப்பு 91, கை 07. பேர் எழுதற இடத்தைக் காலியா விட்டேன். எந்தத் திருடன் வந்து ப்ளவுஸ் அளவைப் படிக்கப் போறான்?

நோட்டைத் திறந்தேன். அந்தத் தாள் இல்ல. கிழிச்ச ஓரம் மட்டும் இருந்துச்சு.

எங்க கடையில தாளைக் கிழிச்சா துணி வெட்டியாச்சுன்னு அர்த்தம். துணியோட குத்தி வச்சு வெட்டுறது கட்டிங் மாஸ்டர் ஃபயாஸ் பாய்.

“பாய், இதுல ஒரு அளவு இருந்துச்சே.”

“அந்தப் பெரிய இடுப்பா? ரொம்ப பேஜார் பண்ணுச்சு அக்கா. தச்சாச்சு. ஜரிகை பார்டர் கூட வச்சேன்.”

எடுத்துட்டு வந்தாரு. கடையில மிச்சம் கிடந்த சிவப்புத் துணி. மேல பாதி ஒரு பொம்பளைக்கு, கீழ பாதி அவ குடும்பத்துக்கு. மழை வந்தா நாலு பேரு உள்ள நிக்கலாம்.

“இப்படி ஒருத்தி இருப்பாளா பாய்? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“கஸ்டமர் உடம்பைப் பத்தி வாயே திறக்காதீங்கன்னு நீங்கதானே போன மாசம் சொன்னீங்க?”

சொன்னேன். ஒரு அம்மாவோட கையைப் பத்தி அவரு ஏதோ சொல்லப்போக, நான் அரை மணி நேரம் புத்தி சொன்னேன்.

“பேரும் இல்ல. சரி, கோயில் அம்மனுக்குப் போலன்னு நெனச்சேன். பீடத்தை மூட அகலம் வேணும்ல?”

“தாள் எங்க?”

“தச்சு முடிச்சா குப்பைதானே. போன வாரமே வண்டியில போயிருச்சு.”

வேணி மேஜைக்குக் கீழ எதையோ தேடுற மாதிரி குனிஞ்சு சிரிச்சா. நான் சிரிக்கல. டேப்பை எடுத்தேன்.

“தாள் போனா என்ன? துணி இருக்கே.”

“அத்தை, வேணாம்.”

“பாய் தச்சா கால் இன்ச் தப்பாதுடி.”

அளந்தேன். நீளம் பதினஞ்சு. மார்பு முப்பத்தாறுக்கு ரெண்டு மூணு நூல் கம்மி, அதை விட்டுட்டேன். கை ஏழு. இடுப்புக்கு டேப் பத்தல. அறுபதுல ஊசி குத்தி, மிச்சத்தை அளந்தேன். தொண்ணூறு.

எழுதி வச்சது தொண்ணூத்தொண்ணா, தொண்ணூறான்னு எனக்கே குழப்பம் வந்துருச்சு. அளந்ததையே போடச் சொன்னேன்.

“தப்புங்குது அத்தை. இன்னொரு தடவை தப்பாச்சுன்னா இன்னிக்குத் திறக்காது.”

“பாய், நீங்க ஒரு இன்ச் கம்மியா தச்சிருக்கீங்க.”

அந்த மனுஷன் முகம் மாறிப்போச்சு.

“சும்னே பழி போடாதீங்க, நக்கோ அக்கா. எந்த டேப்புல அளந்தீங்க?”

“என் டேப்புலதான்.”

“இங்க வைங்க.”

அவரு டேப்பையும் என் டேப்பையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல நீட்டினாரு. அறுபதுல என்னது முக்கால் இன்ச் தள்ளி நின்னுச்சு.

“துணி டேப் அக்கா. எத்தனை வருஷமா கழுத்துல போட்டு இழுக்கறீங்க. அது நீண்டு போச்சு.”

அவரு டேப்புல அளந்தாரு. தொண்ணூத்தொண்ணு. நூல் பிசகல.

வேணி போட்டா. கணக்கு திறந்துச்சு. முன்னூறு நம்பரும் வரிசையா வந்து நின்னுச்சு. முதுகுல கிளிதான்.

நான் டீ சொல்லப் போனேன். பாய் மட்டும் டேப்பை மெதுவா சுருட்டிட்டே நின்னாரு.

“அக்கா, ஒண்ணு சொல்லவா? நீங்க கஸ்டமரை அளக்குறது உங்க டேப்புல. நான் துணி வெட்டுறது என் டேப்புல.”

அப்பதான் உறைச்சுச்சு: என் டேப்புல முப்பத்தாறுன்னா நெசத்துல முப்பத்தாறரை, பாய் வெட்டுறதோ முப்பத்தாறு.

இத்தனை வருஷமா டைட்டா இருக்குன்னு வந்தவங்க எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் வச்சிருந்தேன். “ப்ளவுஸ் சரியா இருக்கும்மா. நீங்கதான் சதை போட்டுட்டீங்க.” ஜீவனஹள்ளியில ஒரு அம்மா ராத்திரி சோத்தையே விட்டுட்டாங்க.

வேணி போன்ல கல்யாணப் பொண்ணைக் கூப்பிட்டு, மறுபடி அளவு எடுக்கணும், நாளைக்கு வான்னேன்.

“ஏன் ஆன்ட்டி?”

“கல்யாண டென்ஷன்ல நீ இளைச்சிருப்பேம்மா.”

மிச்சம் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது நம்பர் கையில இருக்கு, கூப்பிடத்தான் மூஞ்சி இல்ல.