இருசப்பன் கையில் ஏறிய காப்பு

காப்பு கழலவில்லை. இருசப்பன் இழுத்துப் பார்த்தார், திருகிப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைக் குவித்தும் பார்த்தார். செத்துப்போன அம்மாவின் வெள்ளிக் காப்பு அவர் மணிக்கட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பொம்பள காப்ப உன்ன யாருய்யா மாட்டச் சொன்னது?" என்றாள் மனைவி தனக்கொடி.

"இன்னியோட இது அம்சவள்ளி கைக்குப் பூடும். அதுக்கு மின்ன ஒரு வாட்டி போட்டுப் பாத்தேன். எங்கம்மா கையப் புடிச்சிகினு இருக்கறாப்ல இருந்திச்சி, தனம்."

தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்குப் பெண் கைமாறி வந்த காப்பு அது. இருசப்பன் அம்மாவுக்குப் பெண் இல்லாததால் பேத்தி அம்சவள்ளிக்கு என்று வைத்திருந்தது. கிருமாம்பாக்கத்துச் சம்பந்தி மணவாளனும், "நகை நட்டு வாணாம், அந்தக் காப்பு மட்டும் பொண்ணு கையில இருக்கணும்" என்று சொல்லித்தான் சம்மதித்திருந்தார். இன்று பரிசம். வண்டி கிளம்பியாயிற்று என்று ஆளும் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விளக்கெண்ணெய் தடவினார்கள். காப்பு வழுக்கிக்கொண்டு முழங்கைப் பக்கமாக ஏறியது. சவுக்காரம் போட்டு இழுத்தார்கள். கை பூசணிப் பிஞ்சாக வீங்கியது. கொல்லன் அரத்தோடு வந்தான். தனக்கொடி குறுக்கே நின்றுகொண்டாள்.

"அறுத்த காப்பையா எம்பொண்ணுக்குப் போடறது? இவரு கைய வேணா அறு."

கொல்லன் கையைப் பார்த்தான், காப்பைப் பார்த்தான், நடையைக் கட்டினான்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. இருசப்பன் அவசர அவசரமாகக் கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டார்.

"தேள் கொட்டிடிச்சின்னு சொல்லிக்கலாம்."

பாவி மனுசனுக்கு ஊரில் வேறு பொய்யா கிடைக்கவில்லை? மணவாளன் தேள்கடிக்கு மந்திரிப்பதில் பேர்போனவர். பாகூருக்கு வந்த பிரெஞ்சுத் துரைக்கே விஷம் இறக்கியவர். தேள் என்ற சொல் காதில் விழுந்ததும் வேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கையக் காட்டுங்க சம்பந்தி."

"எறங்கிடிச்சி சம்பந்தி, வாணாம்."

"இம்மாம் வீங்கிக் கெடக்குது, எறங்கிடிச்சின்றீங்களே."

மணவாளனே துணியை அவிழ்த்தார். காப்பு பளபளத்தது.

"எங்கம்மா நெனப்புல மாட்டிகினேன் சம்பந்தி," என்றார் இருசப்பன். கண் கலங்கிவிட்டது. "இதுக்காவ எம்பொண்ண வாணாம்னு சொல்லிடாதீங்க."

மணவாளன் முகம் கறுத்தது. வேப்பிலையைப் போட்டுவிட்டு வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று தனக்கொடி தலையில் கை வைத்தாள்.

மணவாளன் மனைவி தையலம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"வெளக்கெண்ணெக்கெல்லாம் அசையாதுண்ணே. எங்க மாமியா தண்டைய இவரு கால்ல மாட்டிகினு மூணு வருசமாவுது. மருமவளுக்குப் போட எங்க வூட்டுல ஒண்ணும் இல்லன்னுதான உங்க காப்பக் கேட்டோம்."