சித்தப்பா, அவர் லிஃப்டில்தான் போனார்

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களின் இரண்டு பாதங்களுக்கும், மாவுக்கட்டுக்குள் இருப்பதையும் சேர்த்து, உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இன்று அதில் ஒரு பாதிகூட உண்மையில்லை. நான் நலமாக இல்லை. உங்களுக்கு நலமாகிவிட்டது, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சித்தி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இந்த எலும்பு இன்னும் ஒரு வாரம் தள்ளி ஒட்டியிருந்தால் என்ன என்றுகூட நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மற்ற மன்னிப்புகள் கீழே வருகின்றன.

இதைக் குளியலறையில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்றரை. அறையில் விளக்குப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார். குளியலறை விளக்குக்கு மட்டும்தான் எங்கள் வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. இனி சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நான்கு நாளாக நான் உங்களுக்கு எழுதி அனுப்பினேனே ஒரு படம், அது எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. அப்படி ஒரு படமே கிடையாது. அது நானாக எழுதியது.

நீங்கள் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கோபம் வந்தால் அப்படித்தான் பார்ப்பீர்கள். உங்கள் சட்டம் எனக்கு மறக்கவில்லை. படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிறவர் ஒரு காட்சியைக் குறைக்கக் கூடாது, ஒரு காட்சியைக் கூட்டக் கூடாது. "குறைச்சவன் திருடன், கூட்டினவன் கள்ளநோட்டு அடிக்கிறவன்" என்று சொல்வீர்கள். கயிற்றுக்காரர் படத்தின் நாலாம் பாகத்தில் அருவி வருவதற்கு முன்னாலேயே பாலம் உடைந்ததைச் சொல்லிவிட்டார் என்று சொந்த அண்ணனோடு, அதாவது என் அப்பாவோடு, இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர் நீங்கள். நான் பாலத்தை முன்னாலே சொல்லவில்லை சித்தப்பா. இல்லாத பாலத்தையே கட்டிவிட்டேன்.

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். கயிற்றில் தொங்கியே சாகசம் செய்யும் நம் கயிற்றுக்காரரின் ஐந்து படங்களையும் உங்கள் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு எத்தனை முறை பார்த்திருப்போம். ஐந்தாம் பாகம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. இருபத்தொரு வருடம் கழித்து ஆறாம் பாகம் வருகிறது என்று சுவரொட்டி ஒட்டிய அன்று, நீங்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றீர்கள். முதல் பாகத்தில் அவர் இரும்புக் கம்பிவடத்தில் ஒரு கையால் தொங்கியதைப் பார்த்துத்தான் லிஃப்ட் மெக்கானிக் ஆனதாகச் சொல்வீர்கள். அப்படிப்பட்டவர், இருபத்தைந்து வருடம் பதினாலாம் மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை பார்த்து ஒரு கீறல்கூட விழாதவர், படம் வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது சமையலறையில் பல்பு மாற்ற மூன்று படி ஸ்டூலில் ஏறி விழுந்தால் நான் என்ன செய்வது? "நீ அம்மாவோட போய்ப் பாத்துட்டு வா. வந்து தினம் கொஞ்சமா எனக்கு எழுது. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிடாதே" என்றீர்கள். போனில் யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்று போனையே சித்தியிடம் கொடுத்துவிட்டீர்கள். மனிதர்மேல் மனிதர் இவ்வளவு நம்பிக்கை வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உண்மையான படத்தை இப்போது சொல்கிறேன், கட்டுப் போட்ட காலை அசைக்காமல் படியுங்கள். முதல் காட்சியில் ஒரு மாடி. அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறது. நாலைந்து சட்டை, ஒரு போர்வை, இரண்டு காலுறை. காமிரா மெதுவாக அந்தக் கொடியின்மேலேயே போகிறது. போய்ப் பார்த்தால் கொடி இல்லை சித்தப்பா, அவருடைய கயிறு. பள்ளத்தாக்கைத் தாண்டிய அதே கயிறு. அடுத்து அவர் வருகிறார். முடி ஒன்றுகூட இல்லை. துணியைத் தொட்டுப் பார்க்கிறார், காயவில்லை, உள்ளே போய்விடுகிறார். இப்படியே இருபது நிமிடம். அம்மா என் பக்கம் சாய்ந்து, "இவருதானா உங்க ஆளு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார். இடைவேளையில் எழுப்பினேன், மறுபடி தூங்கிவிட்டார். வெளியே வந்ததும், "படம் நல்லாத்தானே இருந்தது, ஜில்லுனு" என்றார்.

அன்று இரவு உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது முதல் வரியில் உண்மையைத்தான் எழுதினேன். "கயிற்றில் துணி காய்ந்தது." அதைப் படித்துப் பார்த்தேன். மாவுக்கட்டோடு படுத்திருக்கிறவருக்கு இதையா அனுப்புவது என்று தோன்றியது. துணியை எடுத்துவிட்டேன். வெறும் கயிறு தொங்கினால் நன்றாக இல்லை. அதனால் அதில் அவரைத் தொங்கவிட்டேன். அவர் தொங்கினால் கீழே ஏதாவது வேண்டும் அல்லவா, அதனால் ஒரு பள்ளத்தாக்கு. மறுநாள் சித்தி வந்து, "வார்டு முழுக்க உன் கடிதத்தை உரக்கப் படிக்கிறாராம்டி, தலைமை நர்ஸ்கூட நின்னு கேக்கிறாங்களாம்" என்று சொன்னதும் எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. இரண்டாம் கடிதத்தில் கழுகை விட்டேன். பக்கத்துப் படுக்கையில் குடல் இறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருக்கும் பஸ் கண்டக்டர் தாத்தா, கழுகுக்கு என்ன ஆச்சு, கழுகுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு அனுப்பினார். நான் கழுகை மறந்தே போயிருந்தேன். அவருக்காக அதற்கு ஒரு குஞ்சும் கூடும் கொடுத்துக் கதையிலிருந்து ஒதுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் கடிதத்தில் வில்லனை அருவியில் தள்ளிக் கொன்றேன். நீங்கள் சித்தியிடம் துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பினீர்கள்: "கயிற்றுக்காரர் யாரையும் கொன்றதில்லையே? நன்றாக ஞாபகப்படுத்திப் பார்." நாலாம் கடிதத்தில் ஒரு மீனவரை வரவழைத்து, வலை வீசி, வில்லனை உயிரோடு இழுத்துக் கரையில் போட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை, ஐந்தாம் நாளே மூச்சு முட்டுகிறது.

இப்போது நீங்கள், "ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் போறோம், நீ என் வலது பக்கம் உக்காரு, கழுகு வரப்போ என் கையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தலைமை நர்ஸ் அம்மாவும் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறாராம். எந்தக் கழுகு வரும் சித்தப்பா? மூன்று மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வராத கழுகுக்காக நீங்கள் காத்திருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனிமேல் நான் எந்தப் படத்தின் கதையைச் சொன்னாலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள். எனக்குப் பயம் அதுதான். அடி வாங்குவதற்கெல்லாம் பயமில்லை, நீங்கள் அடிக்கவும் மாட்டீர்கள். பேசாமல் இருந்துவிடுவீர்கள்.

இந்த இடத்தில் அம்மா கதவைத் தட்டிவிட்டார்.

"உள்ள என்னடி பண்றே இவ்வளவு நேரம்?"

"வயிறு சரியில்லம்மா."

"கதவைத் திற."

திறந்தேன். கடிதம் சட்டைக்குள். அம்மா இரண்டு மூடி கஷாய மருந்தை வாயில் ஊற்றிவிட்டு, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்டே, தெரியும் சேதி" என்று போய்விட்டார். பொய் சொன்னதற்குத் தண்டனை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எனக்குத் தெரியாது. நாக்கு இன்னும் கசக்கிறது. மறுபடி வாளிக்கு வந்துவிட்டேன்.

சித்தப்பா, இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நாலாம் கடிதத்தில் அவர் நாற்பது மாடிக் கோபுரத்தில் புயலில் ஒற்றைக் கையால் ஏறினார் என்று எழுதினேனே, அந்தக் கோபுரம் உண்மையாகவே படத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் வேறொரு கட்டடத்தில் வில்லனைத் துரத்திப் படியேறுகிறார். ரெண்டாம் பாகத்து அதே வில்லன்தான், அவருக்கும் வயசாகிவிட்டது. மூன்றாம் மாடியில் இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்குகிறார்கள். வில்லன் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறார், இவர் வாங்கிக் குடிக்கிறார், திருப்பிக் கொடுக்கிறார், மறுபடி துரத்துகிறார். பின்னாலிருந்து யாரோ, "தாத்தா, பாத்து, முட்டி வலிக்கும்" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. படிக்கட்டிலேயே வில்லன் தப்பிவிடுகிறார். மறுநாள் அவரைத் தேடிக் கயிற்றுக்காரர் கோபுரத்தடியில் வந்து நிற்கிறார். தோளிலிருந்து கயிற்றை எடுத்து, மேலே பார்த்து, ரொம்ப நேரம் நிற்கிறார். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பட்டனை அழுத்துகிறார்.

ஆமாம் சித்தப்பா. அவர் லிஃப்டில்தான் போனார். தியேட்டரில் விசில் சத்தம் காதைப் பிளந்தது. அந்த அவமானத்தை உங்களிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் புயலையும் ஒற்றைக் கையையும் எழுதினேன். ஆனால் இப்போது வாளிமேல் உட்கார்ந்து அதையே நினைத்துப் பார்க்கிறேன். கதவு மூடினதும் சத்தமெல்லாம் நின்றுவிடுகிறது. உள்ளே அவர் மட்டும். மாடி எண்கள் ஒவ்வொன்றாக எரிகின்றன. முதல் பாகத்துப் பாட்டு வருகிறது, ஒரே ஒரு வயலினில், ரொம்ப மெதுவாக. இருபதாம் மாடி தாண்டும்போது அவர் உள்ளங்கையை லிஃப்டின் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நீங்கள் செய்வீர்களே, "இரு, கேபிள் பேசுறதைக் கேக்கிறேன்" என்று, அதே மாதிரி. அவ்வளவு உயரத்தையும் இத்தனை வருடம் அவர் கையால் ஏறினார், இப்போது யாரோ ஒருத்தர் ஒழுங்காகப் பார்த்து வைத்த கம்பிவடம் அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. படம் முழுக்க எனக்குப் பிடித்தது அந்த மூன்று நிமிடம்தான், அது இப்போதுதான் எனக்கே தெரிகிறது. ஊரில் உள்ள யாரிடம் வேண்டுமானாலும் அதை மறைத்திருக்கலாம். போயும் போயும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் மறைத்துவிட்டேனே.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு மாதம் பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம். நீங்கள் நூறு வயசு இருந்து, ஸ்டூல் பக்கம் போகாமல், ஏழாம் பாகமும் எட்டாம் பாகமும் பார்க்க வேண்டும். தலைமை நர்ஸ் அம்மாவுக்கு என் வணக்கம். கண்டக்டர் தாத்தாவிடம் கழுகு நலமாக இருப்பதாகச் சொல்லுங்கள், அவருடைய தையல் பிரிக்கும்வரை உண்மை தெரிய வேண்டாம்.

இப்படிக்கு, உங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய,
அண்ணன் மகள்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேலே எழுதிய மன்னிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏழு மணிக்கே சித்தி வந்துவிட்டார். நேற்று உங்களுக்குக் கட்டு மாற்றினார்களாமே. பழைய கட்டை வெட்டும்போது உள்ளேயிருந்து ஒரு காகிதம் விழுந்ததாம். "உங்க வீட்டுக்காரர் பத்திரமா வச்சிருந்தாரு" என்று வாசலில் சித்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி இல்லாததால் சித்தி இன்று காலைதான் படித்தாராம். கிழித்த சினிமா டிக்கெட். போன வெள்ளிக்கிழமை, முதல் நாள், காலைக்காட்சி. நான் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால். சித்தி எங்கள் வீட்டிலிருந்தே தலைமை நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார்.

"எக்ஸ்ரேன்னு சொல்லிச் சக்கர நாற்காலியில போனாராம், அந்தக் கண்டக்டர் தள்ளிக்கிட்டுப் போனாராம்" என்று சித்தி அம்மாவிடம் சொன்னார். "எக்ஸ்ரே எடுக்க மூணு மணி நேரமாக்கா?"

"வயித்துல தையலோடவா தள்ளினார் அந்த மனுஷன்?" என்றார் அம்மா.

ஆக, கழுகு இல்லை என்று முதல் நாளே உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் கூட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒரு படத்தையே மொத்தமாகக் குறைத்துவிட்டீர்கள். உங்கள் சட்டப்படி உங்கள் பெயர் என்ன என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வருகிறேன், வலது பக்கம்தான் உட்காருவேன், லிஃப்ட் கதவு மூடியதும் யாரும் பேசக் கூடாது. எனக்கு இப்போது பயமெல்லாம் போய்விட்டது. ஆனால் இந்தக் கடிதம் சித்தி கையில்தான் வருகிறது, டிக்கெட்டும் கூடவே வருகிறது. அதனால் முதலில் சித்தி முகத்தைப் பாருங்கள். கடிதத்தைப் பிறகு பிரிக்கலாம்.