கொச்சிக்குப் போன அம்மை

கொச்சித் துறைமுகத்தில் படகு நடுத்தண்ணீருக்கு வந்த நேரம் பார்த்துத்தான் ஆனந்தவள்ளியின் போன் வந்தது.

"எடுக்காதீங்க" என்றாள் இராமலட்சுமி.

"எடுக்கலன்னா பொறப்பட்டு வந்துருவா" என்றார் பால்வண்ணநாதன். தென்காசியில் உரக்கடை வைத்திருப்பவர். எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பேரம் பேசுவார். வாசுதேவநல்லூரில் இருக்கும் அக்கா ஆனந்தவள்ளியிடம் பேசும்போது மட்டும் நாக்கு குழறிவிடும்.

"ஏலே தம்பி, அவளுக்கு எப்படி இருக்கு?"

அவளுக்கு நன்றாகவே இருந்தது. கையில் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு, தலையில் காலையில் வாங்கிய தொப்பி, முகம் நிறைய காற்று. கல்யாணமாகி இருபது வருஷத்தில் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு முகம் இருப்பதே பால்வண்ணநாதனுக்குத் தெரியாது.

"அப்படியேதான் இருக்குக்கா. படுத்திருக்கா" என்றார்.

அவர்கள் வீடு குற்றாலம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்தது. அது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம். சாரல் விழுந்த சேதி கிடைத்ததும் சொந்தபந்தமெல்லாம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்கிவிடும். அருவியில் குளித்தவன் பசி சாதாரணப் பசியா? மெயினருவியில் நனைந்து வந்த கூட்டம் இட்லியைக் காலி பண்ணுவதற்குள் ஐந்தருவிக்குப் போன கூட்டம் சோற்றுக்கு வந்து நிற்கும். இராமலட்சுமி சீசனில் அருவியைப் பார்த்ததே இல்லை. கொடியில் தொங்கும் ஈரத்துணிகளைத்தான் பார்த்திருக்கிறாள்.

இந்த வருஷம் சாரல் தொடங்கிய அன்று அவள் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கு ஒரு கப்பல் பாக்கணும். யாருக்கும் பரிமாறாம ரெண்டு நாள் இருக்கணும்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் பால்வண்ணநாதன் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகச் சொன்னதில்தான் பயந்துபோனார்.

வழி எங்கே என்று யோசித்தபோது பக்கத்து வீட்டுத் தில்லைநாயகம் ஞாபகத்துக்கு வந்தார். போன சீசனில் அந்த வீட்டில் அம்மை போட்டுக் கேட்டில் வேப்பங்குலை கட்டியிருந்தார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாதே! ஒரு விருந்தாளிகூட எட்டிப் பார்க்கவில்லை. இராமலட்சுமி அவர்களுக்காக உருகிப்போய் அம்மன் கோயிலில் மாவிளக்கு எடுத்தாள். பால்வண்ணநாதன் மனசிலோ வேப்பங்குலைதான் நின்றது.

ஆகவே, இராமலட்சுமிக்கு அம்மை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கேட்டில் ஒரு குலையைக் கட்டிவிட்டு, அவளோடு செங்கோட்டை வழியாகக் கொச்சிக்கு ரயிலேறிவிட்டார்.

"ஆத்தா பேர்ல பொய் சொல்லலாமாங்க?" என்று வழியெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவள், கப்பலைப் பார்த்த பிறகுதான் கையைக் கீழே இறக்கினாள்.

இப்போது அந்தக் கப்பல்களில் ஒன்று, மூன்று மாடி உயரம் இருக்கும், அடிவயிற்றிலிருந்து ஊதியது.

"அது என்னலே சத்தம்?"

"கோயில்ல சங்கு ஊதுதாங்கக்கா. பூசை."

"பூசையா? அப்போ அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

அம்மை இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். பால்வண்ணநாதன் யோசிக்காமல், "ஆமாக்கா, இன்னைக்குத்தான்" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்ப ஆத்தா இறங்கிட்டா! நாளைக்கே பொறப்பட்டு வந்துருதோம். பிள்ளைக அருவி அருவின்னு பறக்குதுக."

இராமலட்சுமியின் அன்னாசித் துண்டு வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"வேண்டாம்க்கா! இப்ப எனக்குப் போட்டிருக்கு."

"ஒனக்கா? ஒனக்குச் சின்னப் பிள்ளையிலேயே வந்துட்டுதே! நான்லா பக்கத்துல உக்காந்து வேப்பிலையால தடவிவிட்டேன்."

"இது ரெண்டாந்தடவைக்கா."

"ரெண்டாந்தடவையா? ஆத்தா ரொம்பக் கோவமால்லா இருக்கா! ரெண்டு பேரும் படுத்துட்டா கூழு காய்ச்ச ஆளு வேண்டாமா? எனக்கு ஒரு பயமும் கெடையாதுலே. நான் மட்டும் வாரேன்."

"தில்லைநாயகம் அண்ணாச்சி வீட்டுல பாத்துக்கிடுதாங்கக்கா."

"அப்படியா? அவர் வீட்டுக்காரி உமாதேவி நம்பர் எங்கிட்ட இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

"அவங்களுக்கும் போட்டிருக்கு!"

"எதுத்த வீட்டுல?"

"எதுத்த வீட்டுலயும் போட்டிருக்குக்கா. தெரு முழுக்கப் போட்டிருக்கு! கடைசி வீடு வரைக்கும் அம்மை!"

படகே திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரிந்த ஒருவர் தன் மகளை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டார்.

அக்கா குரலைத் தாழ்த்தி, "தாயே, மாரியாத்தா. இந்த வருஷம் நம்ம ஆளு ஒருத்தரும் தென்காசிப் பக்கம் கால் வைக்க மாட்டோம். எல்லாருக்கும் நானே சொல்லிருதேன்" என்று போனை வைத்தாள்.

"முடிஞ்சிது!" என்று பால்வண்ணநாதன் சண்டையில் ஜெயித்தவர்போலத் திரும்பினார். இராமலட்சுமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"தெரு முழுக்கவா சொன்னீங்க? பச்சப்பிள்ளைக இருக்க தெருவுங்க."

அத்தோடு உல்லாசப் பயணம் முடிந்தது. கரையோரம் மீன் பிடிக்கும் சீன வலைகள் இறங்கி ஏறின. அவள் கோயிலில் நிற்பதுபோல் கைகூப்பி நின்றாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அது உருகி முழங்கைக்கு வழிந்தது. எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், கடற்படைக் கப்பல் என்று தெரிந்ததையும் தெரியாததையும் காட்டிப் பார்த்தார். "நீங்க சொன்னது பலிச்சுட்டா என்னங்க செய்ய?" என்பதையே அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். இருபது வருஷத்தில் ஒரே ஒரு ஆசை கேட்டவள். அதையும் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று பால்வண்ணநாதனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மறுநாள் அவள் "ஊருக்குப் போயிருவோம்" என்றதும் மறுபேச்சு பேசாமல் பையைத் தூக்கினார்.

தென்காசியில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் இறங்கி நடந்தவர்கள் தில்லைநாயகத்தின் வீட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

கேட்டில் வேப்பங்குலை.

எதிர்த்த வீட்டிலும் வேப்பங்குலை. அதற்கடுத்த வீட்டில் இரண்டு குலை. கடைசி வீடு வரைக்கும் தெருவே பச்சைப் பசேலென்று இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு குக்கர் சத்தம்கூட இல்லை.

"பலிச்சிட்டு" என்று இராமலட்சுமி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா, தெரியாமச் சொல்லிட்டாரு. நான் தீச்சட்டி எடுக்கேன்."

"நான் மொட்டை போடுதேன்" என்றார் பால்வண்ணநாதன். சும்மா ஒரு வார்த்தை சொன்னதற்கு இப்படியா!

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. தில்லைநாயகம் சக்கரம் வைத்த பெட்டியோடு இறங்கினார். பின்னாலேயே உமாதேவி, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் சங்குமாலையுமாக இறங்கினாள்.

இராமலட்சுமி கண்ணாடியையும் கவனிக்கவில்லை, மாலையையும் கவனிக்கவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆசுபத்திரியில இருந்தா வாரீங்க மைனி? எங்களை மன்னிச்சிருங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. விருந்தாளிக வரக்கூடாதுன்னு பொய் சொல்லிட்டுக் கொச்சிக்குக் கப்பல் பாக்கப் போனோம். அந்தக் கோவத்துலதான் ஆத்தா தெருவுக்கே வந்துட்டா!"

உமாதேவி கண்ணாடியைக் கழற்றினாள். புருஷனைப் பார்த்து, "நான் சொல்லல?" என்று சிரித்தாள். பிறகு இராமலட்சுமியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க மைனி. ஆத்தாவும் வரல, அம்மையும் வரல. நீங்களே வேப்பங்குலை கட்டிட்டீங்கன்னதும்தான் தெருவுக்கே தைரியம் வந்துது. எதுத்த வீட்டுக்காரங்க மூணாறு போயிருக்காங்க. இந்த வருஷம் நாங்க கன்னியாகுமரி."

இராமலட்சுமியின் அழுகை சட்டென்று நின்றது. "இந்த வருஷம்னா?" என்று மெல்லக் கேட்டாள். "அப்போ போன வருஷம்?"

உமாதேவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மைனி. நீங்க எங்களுக்காக மாவிளக்கு எடுத்த அன்னைக்கு, நாங்க மைசூர்ல ஒட்டகச்சிவிங்கி பாத்துக்கிட்டுல்லா இருந்தோம்!"