வெல்வெட் பாயின் பின் சீட்

தலைமுடியைப் பார்த்து பிரேக் அடித்த டிரைவர் காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களிலேயே ஒருவர்தான். எங்கள் நீடாமங்கலத்து வெல்வெட் பாய்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. துபாயில் பல வருஷம் யாரோ ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியவர், மெரூன் நிற வெல்வெட் சீட் போட்ட பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். "ரெக்ஸின் கவர் போட்டுடுங்க பாய், தொடைச்சா போச்சு" என்றேன் ஒருநாள். பிரியாணியில் ரசம் ஊற்றச் சொன்னதுபோல் முறைத்தார்.

வண்டியில் ஏறும் பெண்கள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சலூனிலிருந்து நேராக வருகிறவனுக்கு இடமே கிடையாது. கல்யாண மாப்பிள்ளை ஒருவனையே துண்டால் தட்டி உதறிய பிறகுதான் உள்ளே விட்டார். என் வழுக்கைமேல் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். "எல்லா கஸ்டமரும் சார் மாதிரி இருந்துட்டா நான் நிம்மதியா தொழில் பண்ணுவேன்" என்பார், நாலு பேர் முன்னிலையில்.

ஒருமுறை திருவையாற்றில் கல்யாணம். நானும் மனைவி வசந்தாவும் போய்க்கொண்டிருந்தோம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தவர், சடாரென்று வயலோரம் நிறுத்தினார்.

"என்ன பாய், பஞ்சரா?"

"முடி சார்."

எங்களை இறக்கிவிட்டு, ரப்பர் கையுறையை மாட்டினார். தண்ணீரில் நனைத்து உதறினார். சீட்டை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் தடவினார். முடியெல்லாம் சுருண்டு உருண்டையாகக் கையோடு வந்தது.

"பாத்தீங்களா சார்? முன்னயும் பின்னயும் தேச்சா துணிக்குள்ள பூந்துக்கும்."

"அங்க தாலி கட்டிடுவாங்க பாய்!"

"கட்டட்டும் சார். நாம தடுக்கவா போறோம்?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாயசமே தீர்ந்திருந்தது. இனி இந்த ஆளின் வண்டியில் ஏறுவதில்லை என்று வசந்தாவிடம் சபதம் செய்தேன்.

சபதம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் வசந்தாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர, கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற வண்டி அவருடையது ஒன்றுதான். மருந்து ஏற்ற ஏற்ற அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்திருந்த இடத்தில் கொத்துக் கொத்தாக முடி. முகம் சுண்டிப்போய், குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

இந்த மனுஷன் மட்டும் வாயைத் திறந்தால் அடித்தேவிடுவது என்று நின்றேன்.

பாய் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"அதை ஏம்மா தொடுறீங்க? நேத்து ஆடு ஏத்துனேன். அது உதிர்த்தது."

ஈரக் குடையோடு மனிதரையே ஏற்றாதவர், ஆடு ஏற்றினாராம்!

வசந்தா நிமிர்ந்தாள். "ஆட்டுக்கு இவ்ளோ நீளமா முடி இருக்குமா பாய்?"

பாய் கொஞ்சம் யோசித்தார்.

"காஷ்மீர் ஆடும்மா."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் மட்டும் சிரிக்கவே இல்லை.

வசந்தா இப்போது நன்றாக இருக்கிறாள். பாய் இன்னமும் நடுவழியில் நிறுத்தி என் உயிரை வாங்குகிறார். போன வாரம் அவரால் ரயிலையே தவறவிட்டேன். விஷயம் கேள்விப்பட்ட மகள், வேறொரு டிரைவரின் நம்பரை அனுப்பியிருக்கிறாள்.

அதை நான் போனில் பதிந்துகொள்ளவில்லை.